உவன்

முன்பு வந்த அரசாங்க விசாரணை ஆணைக்குழுக்கள் ஒன்றுக்கும் என் தம்பி ஜொனதன் போனதில்லை. வந்தார்கள், கேட்டார்கள், தேநீர் குடித்தார்கள், போனார்கள். பிறகு அடுத்தது வந்தது. வீதியில் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்துக்கொண்டு போவார்கள். அவன் எழுந்து கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் நிற்பான். இந்தமுறை அவன் போனது றிச்சர்ட் அண்ணையின் வாயை நம்பி. என் ஆத்திரமெல்லாம் அதனால்தான். அரசாங்கம் ஏமாற்றியதற்கு ஆத்திரப்பட்டு ஆத்திரப்பட்டு எனக்கு அது எப்போதோ தீர்ந்துவிட்டது.

றிச்சர்ட் அண்ணை எங்கள் தேவாலயத்து ஆள். உடுவிலில் எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் அவர் வீடு. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நீதிமன்றங்களில் மொழிபெயர்த்தே தலை நரைத்தவர். நான் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால் அகராதியைத் திறக்குமுன் அவருக்குத்தான் தொலைபேசி எடுப்பேன். அப்படி மதித்த மனிதர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜொனதன் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, இந்தமுறை வாறவைக்கு அதிகாரம் கிடக்கு. செய்த ஆளை அடையாளம் காட்டினால் வழக்குப் போடச் சொல்லிச் சிபாரிசு செய்யேலும்."

"எல்லாரும் உப்பிடித்தான் சொன்னவை, அண்ணை."

"எல்லாருக்கும் நான் மொழிபெயர்க்கேல்லையே. இதிலை நான் இருக்கிறன். உன்ரை வாயிலை வாறது ஒரு சொல்லும் சிந்தாமல் அங்காலை போகும். அதுக்கு நான் பொறுப்பு."

தம்பி வாளியைக் கீழே வைத்தான். இடக்கையால்தான் வைத்தான். வலக்கை அவனுக்குத் தோளுக்கு மேலே எழும்பாது. போரின் கடைசி வருடத்தில் யாழ்ப்பாண நகரில் அவன் வேலை செய்த கடையிலிருந்து ஆமிக்காரர் அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். பல மாதம் கழித்து விட்டபோது, வீட்டுக்கு வந்தவன் என் தம்பிதானா என்று பார்க்க நான் கிட்டப் போகவேண்டியிருந்தது. கைகளைப் பின்னால் கட்டித் தூக்கியிருக்கிறார்கள். பொலித்தீன் சொப்பின் பையில் பெற்றோல் விட்டு முகத்தில் கட்டியிருக்கிறார்கள். இதெல்லாம் அவனாக எனக்குச் சொன்னதல்ல. நான் கடையில் மீன் வாங்கிச் சொப்பின் பையில் கொண்டுவந்த அன்று அவன் கிணற்றடியில் விழுந்து கிடந்தான். அப்போது துண்டு துண்டாக வந்தது. அதன்பிறகு எங்கள் வீட்டுக்குள் ஒரு சொப்பின் பையும் வந்ததில்லை.

"எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம், அண்ணை," என்றான். "என்னைக் கட்டித் தூக்கினவன் இன்னான் எண்டு ஒரு இடத்திலை எழுதப்படவேணும். அவ்வளவு காணும். கண்கட்டை அவிட்டுப்போட்டுத்தான் செய்தவன். முகம் எனக்கு மறக்கேல்லை."

"எழுதப்படும்," என்றார் றிச்சர்ட் அண்ணை. தலையில் கைவைத்து ஒரு ஜெபமும் செய்துவிட்டுப் போனார். நான் அவருக்கு முருங்கைக்காய் முறித்துக் கொடுத்துவிட்டேன். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

விசாரணை ஒரு பொது மண்டபத்தில் நடந்தது. மேடையில் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி. அவருக்கு ஒரு பக்கம் தமிழ் உறுப்பினர், கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த சட்டத்தரணி. மறுபக்கம், கொஞ்சம் பின்னே தள்ளி, வெள்ளை நீளக்கைச் சட்டை போட்ட ஒருவர். பாதுகாப்புத் தொடர்பு அலுவலர் என்று காலையில் சொன்னார்கள். தலைமயிருக்குச் சாயம் பூசி, நல்ல சிரித்த முகம். தலைவருக்குத் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து திறந்து கொடுத்துக்கொண்டிருந்தார். நான் பார்வையாளர் வரிசையில் இருந்து அவரைப் பார்த்தேன், பாவம் வேலைக்காரன் என்று நினைத்தேன். என் கண்ணும் ஒரு கண்!

ஜொனதனைக் கூப்பிட்டார்கள். உள்ளே வந்து, குனிந்த தலை நிமிராமல் கதிரையில் இருந்தான். இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவே வைத்து இறுக்கிக்கொண்டான். பக்கத்தில் றிச்சர்ட் அண்ணை ஒலிவாங்கியோடு இருந்தார்.

தம்பி சொன்னான். நிலத்தைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். றிச்சர்ட் அண்ணை அதை ஆங்கிலத்தில் சொன்ன அழகை நான் மறைக்கப் போவதில்லை. தம்பி திக்கின இடத்தில் அவரும் நின்றார். தம்பி மெல்லச் சொன்னதை அவரும் மெல்லச் சொன்னார். என் தம்பி பட்ட பாட்டை முதல் முறையாக முழுதாக நான் கேட்டது அவருடைய ஆங்கிலத்தில்தான். அழுதுகொண்டே, கர்த்தாவே இந்த மனிதனை ஆசீர்வதியும் என்று மனதுக்குள் சொன்னேன்.

பிறகு தலைவர் கேட்டார், உம்மைத் துன்புறுத்தியவரை அடையாளம் காட்ட முடியுமா என்று. றிச்சர்ட் அண்ணை அதைத் தமிழில் கேட்டார்.

தம்பி அப்போதுதான் தலையை நிமிர்த்தினான். தலைவரைப் பார்த்தான். பிறகு அவருடைய தோளுக்குப் பின்னே பார்த்தான். அவன் முகம் வெளிறிப்போனதை நான் இருந்த இடத்திலிருந்தே கண்டேன்.

"ஐயா," என்றான் தலைவரிடம். "உவன்தான். உதிலை இருக்கிறவன்."

யாழ்ப்பாணத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இந்தச் சொல் தெரியும். எனக்குப் பக்கத்தில் இருப்பவன் இவன். எங்கேயோ இருப்பவன் அவன். நான் யாரோடு கதைக்கிறேனோ அவருக்குப் பக்கத்தில் இருப்பவன் உவன். மற்ற ஊர்த் தமிழர் இதை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள், நாங்கள் விடவில்லை. உவன் என்று சொல்கிறவனுக்கு விரல் நீட்டத் தேவையில்லை. உங்களுக்குப் பக்கத்தில், உதோ அந்தக் கதிரையில் இருக்கிறவன் என்று என் தம்பி சொல்லிவிட்டான். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் சொல்ல முடியாது.

றிச்சர்ட் அண்ணை ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். பின்பு ஆங்கிலத்தில், "அது ஒரு ஆள்தான் என்கிறார்," என்றார்.

எனக்குக் காது பிழைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"எந்த ஆள்?" என்று தலைவர் கேட்டார்.

றிச்சர்ட் அண்ணை தம்பியின் பக்கம் திரும்பினார். "அவன்ரை பேர் என்னெண்டு கேக்கினம். பேர் தெரியுமோ?"

"பேர் தெரியாது, அண்ணை. அவங்கள் பேர் சொல்லுறேல்லையே."

"அது யாரென்று அவருக்குத் தெரியாது," என்றார் றிச்சர்ட் அண்ணை, ஆங்கிலத்தில்.

தலைவர் குனிந்து எழுதினார். பின்னால் இருந்தவர் இன்னொரு போத்தலைத் திறந்தார்.

நான் எழுந்துவிட்டேன். "பிழை, ஐயா!" என்று ஆங்கிலத்தில் கத்தினேன். "உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் என்றுதான் என் தம்பி சொன்னான். உவன் என்றால் அதுதான் அர்த்தம்!"

மண்டபம் சலசலத்தது. தலைவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்துவிட்டு, மொழிபெயர்ப்பாளரிடம் விளக்கம் கேட்டார். அந்த நேரத்திலாவது றிச்சர்ட் அண்ணையின் மனம் மாறியிருக்கலாம். ஒரு தலையசைப்புப் போதும். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மாண்புமிகு தலைவர் அவர்களே, அப்படியொரு சொல் தமிழில் இல்லை," என்றார் றிச்சர்ட் அண்ணை. "இவன், அவன், இரண்டுதான். சகோதரி உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார்."

தலைவர் தமிழ் உறுப்பினரைப் பார்த்தார். அந்த மனிதர் உதட்டைப் பிதுக்கினார். தான் கேள்விப்பட்டதில்லை என்றார். பழைய இலக்கணத்தில் எங்காவது இருந்திருக்கலாம், யாரும் இன்று பேசுவதில்லை என்றார். மண்டபம் நிறைய உவனும் உவளும் உதுவும் பேசுகிற சனம் இருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகளின் வழக்கும் இனித்தான் விசாரிக்கப்படவேண்டும், அவர்களும் பாவம்.

"தம்பி, கையாலை காட்டு!" என்று கத்தினேன். "கையை நீட்டிக் காட்டு!"

அதுதான் எங்கள் தலையில் இடியாக விழுந்தது. சாட்சிக்குப் பார்வையாளர் சொல்லிக்கொடுக்கிறார், இனிச் சாட்சி காட்டுவது எதுவும் பதிவாகாது என்றார் தலைவர். சாட்சியால் யாரையும் அடையாளம் காட்ட முடியவில்லை என்று எழுதச் சொன்னார். இரண்டு பொலிஸ்காரர் என் பக்கம் வந்தார்கள். வெளியே நடக்கும்போது திரும்பிப் பார்த்தேன். ஜொனதன் இடக்கையை நீட்டியபடி இருந்தான். மேடையில் அடுத்த சாட்சியின் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

மதிய இடைவேளையில் தம்பி வாகனங்கள் நிற்கிற பக்கம் வந்தான். அவனுக்கு ஆங்கிலம் ஓடாது. என்ன நடந்தது என்று கேட்டான், நான் மறைக்காமல் சொன்னேன். அப்போது றிச்சர்ட் அண்ணை எங்களைத் தேடிக்கொண்டு வந்தார்.

"சீலா, கத்தாதை. முதலிலை நான் சொல்லுறதைக் கேள்."

"என்னத்தைக் கேக்கிறது? வீடு தேடி வந்து ஜெபம் பண்ணிக் கூட்டிக்கொண்டு வந்தது இதுக்கோ?"

"சத்தியமாய்ச் சொல்லுறன், உவர் இஞ்சை இருப்பரெண்டு எனக்குத் தெரியாது, பிள்ளை." குரலைத் தாழ்த்தினார். "உவன் எண்டு ஆங்கிலத்திலை நான் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? தலைவர் பின்னேரம் கொழும்புக்குப் போயிடுவார். நாங்கள்தான் இஞ்சை இருக்கிறது. இவன்தான் இஞ்சை கோழி வளர்க்கிறது. இவனைக் காப்பாத்தத்தான் செய்தனான்."

"இவனை மட்டுமோ காப்பாத்தினியள்?"

அவர் மண்டபத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் மகன் இருக்கிறான், மகள் இருக்கிறாள். அவர் பயந்தது எனக்கு விளங்காமலில்லை. பயந்தேன் என்று சொல்லியிருந்தால் நான் அழுதுகொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். தமிழில் இல்லை என்று சொன்னாரே, எங்கள் வாயிலிருந்த சொல்லையே பிடுங்கி எறிந்தாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மண்டபத்து வாசலுக்கு அந்த வெள்ளைச் சட்டைக்காரர் வந்தார். கையில் சோற்றுப் பார்சல். எங்களைப் பார்த்தார். தம்பியையும் பார்த்தார், தெரிந்தவரைப் பார்ப்பதுபோல. பிறகு எங்கள் ஊர்த் தமிழில், ஒரு எழுத்தும் பிசகாமல், கூப்பிட்டார்.

"றிச்சர்ட், சாப்பாடு ஆறுது. உவையை அனுப்பிப்போட்டு வாங்கோவன்."

உவையை என்றார். றிச்சர்ட் அண்ணைக்குப் பக்கத்தில் நிற்கிற எங்களை. தமிழ் உறுப்பினர் கேள்விப்படாத சொல், தமிழிலேயே இல்லாத சொல், அந்த வாயில் எவ்வளவு சுகமாக வந்தது! யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளை அடித்து அடித்துப் பழகிய தமிழ் அது. ஆணைக்குழுவின் பக்கம் என் தம்பி சொன்னதைச் சரியாக விளங்கிக்கொண்ட இரண்டு பேரில் ஒருவர் போத்தலைத் திறந்துகொண்டிருந்தார், மற்றவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் குரலைக் கேட்டதும் தம்பியின் உடம்பு ஒருதரம் உதறிப்போட்டது. நான் அவன் முதுகில் கைவைத்தேன். அவன் விழவில்லை. வாசலைப் பார்க்கவும் இல்லை. றிச்சர்ட் அண்ணையைத்தான் பார்த்தான்.

"அண்ணை, நான் சொன்னது உங்களுக்கு விளங்கினதுதானே?"

றிச்சர்ட் அண்ணை நிலத்தைப் பார்த்தார். "விளங்கினது, தம்பி."

"ஆரைச் சொன்னனான் எண்டும் விளங்கினது."

"ஓம்."

"அண்டைக்கு அந்த அறைக்குள்ளை நானும் அவனும்தான், அண்ணை. வேறை ஒருத்தரும் இல்லை. இவ்வளவு காலமும் நித்திரையிலையும் நாங்கள் ரெண்டு பேர்தான்." அவன் சத்தம் உயர்த்தவே இல்லை. "இண்டையிலையிருந்து நீங்களும் உள்ளுக்கை இருக்கிறியள். என்னோடை இல்லை. அவன்ரை பக்கத்திலை."

வாசலில் நின்றவர் இன்னொருமுறை றிச்சர்ட் என்று கூப்பிட்டார்.

"வாறன், சேர்," என்று சொல்லிவிட்டு, றிச்சர்ட் அண்ணை சாப்பிடப் போனார்.