இரண்டு மை வெட்டிக்கொண்ட இடம்

வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். முதல் படமெடு, பிறகு வாயைத் திற எண்டு எங்கடை லாப்புக்குப் புதுசா வாறவைக்கு நான்தானே வகுப்பெடுக்கிறனான். அண்டைக்கு அந்தப் புத்தியெல்லாம் எங்கை போய்த் துலைஞ்சுதோ.

பழைய தோல் ஏடுகளைப் பழுதுபாத்து, அழிஞ்ச எழுத்தை விதம்விதமான வெளிச்சத்திலை படமெடுக்கிறதுதான் என்ரை வேலை. எங்கடை கட்டிடத்திலை தமிழ் கதைக்கிற ஆக்கள் நானும் புரொபெசர் உமாபதியும்தான். அவர் சென்னை ஆள், கிரேக்கம் படிப்பிக்கிறவர், பணக்காரர் இருக்கிற கர்க்லாண்டிலை பெரிய வீடு. அவரின்ரை பேர் நிக்கிறதே ஒரு புத்தகத்திலைதான். கிரேக்கர் தங்கடை டயோனிசஸ் சாமிக்குப் பாடின பாட்டொண்டு. என் தசையைத் தின்னுங்கள், என் இரத்தத்தைக் குடியுங்கள் எண்டு வருமாம். அதைப் பாத்துத்தான் கிறிஸ்தவர் தங்கடை பூசையிலை சேர்த்தவை எண்டு எழுதினவர். அதுக்கு ஒரே ஆதாரம் பாதி எரிஞ்ச ஏடொண்டு. அதிலை அந்தப் பாட்டும் ஒரு கிறிஸ்தவச் செபமும் ஒண்டுக்கு மேலை ஒண்டாக் கிடக்கு. பாட்டு அடியிலை, செபம் மேலை எண்டு ஒரு மங்கல் போட்டோவை வைச்சுச் சொன்னவர். அடியிலை கிடக்கிற மைதானே முதல் எழுதினது.

இந்த மாசிதான் அந்த ஏடு நேரிலை எங்கடை லாப்புக்கு இரவலா வந்தது.

நான் மாதா கோயிலுக்குப் போறவள், அதை மறைக்கேல்லை. எங்கடை கோயில் பங்கிலை செபமாலை எண்டொரு அண்ணை இருக்கிறார், என்னைக் காணுற இடமெல்லாம், "பிள்ளை, அந்தப் புத்தகம் பொய்யெண்டு காட்டிப்போடு, நாங்கள் செபிக்கிறம்" எண்டு நிப்பார். எனக்குப் பத்திக்கொண்டு வரும். "அண்ணை, உங்கடை செபத்துக்காக மை இடம் மாறாது. என்ன இருக்கோ அதைத்தான் சொல்லுவன்" எண்டு முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டன்.

எரியாமல் மிஞ்சினதுக்குள்ளை இரண்டு மையும் ஒண்டையொண்டு வெட்டுற இடம் ஒண்டே ஒண்டுதான். கடுகளவு. அதை மைக்ரோஸ்கோப்பிலை பாத்தன். செபத்தின்ரை மைக்கு மேலாலை பாட்டின்ரை மை ஓடுது. அப்ப செபம்தான் முதல். பாட்டை ஆரோ பிறகு எழுதியிருக்கினம்.

"சேர், எல்லாம் தலைகீழாக் கிடக்கு! ஓடி வந்து பாருங்கோ!" எண்டு கத்திப்போட்டன். விசர்தானே எனக்கு!

உமாபதி சேர் வந்து குனிஞ்சு கனநேரம் பாத்தார். நிமிரேக்கை முகத்திலை ஒண்டும் இல்லை. கோவிச்சிருந்தாலும் பறவாயில்லை, அந்த முகம்தான் எனக்குப் பயமாக் கிடந்தது.

"படம் எடுத்தாச்சா ரெஜினா?"

"இல்லை சேர், இனித்தான்."

"அப்ப இன்னைக்கு வேணாம்மா. லைட் ரொம்ப நேரமா பட்டுக்கிட்டு இருக்கு, தோல் சுருங்குது பாருங்க. ரெஸ்ட் குடுத்துட்டு நாளைக்கு எடுக்கலாம். நான் பூட்டிட்டுப் போறேன், நீங்க கிளம்புங்க. ஸ்னோ வேற கொட்டப் போகுதாம்."

தோல் சுருங்கினது உண்மை. அதாலை ஓமெண்டு வெளிக்கிட்டன். பார்க் மெட்ரோ ஸ்டேசனிலை இறங்கேக்கை, ஏட்டை அவரோடை தனிய விட்டது பிழையோ எண்டு பட்டுது. திரும்பிப் போவமோ எண்டு நிண்டன். பேந்து, இவ்வளவு படிச்ச மனிசனைப் போய் என்ன நினைப்பு நினைக்கிறாய் எண்டு என்னை நானே ஏசிக்கொண்டு வீட்டை போனன்.

அடுத்தநாள் காலமை பெட்டியைத் திறந்தால் அந்த இடத்திலை ஓட்டை. உதிர்ந்த துண்டு பெட்டிக்குள்ளை இல்லை, மேசையிலை இல்லை, முழங்காலிலை தவண்டு தேடினன், நிலத்திலையும் இல்லை.

"உதிர்ந்துடுச்சா?" எண்டு பின்னாலை அவரின்ரை குரல். எப்ப வந்தாரோ தெரியாது. "ரொம்ப நைஞ்ச தோல், பாவம். நேத்து முழுக்க உங்க லைட்டுக்குக் கீழதானே இருந்தது."

"சேர், பாட்டின்ரை மை மேலை இருந்ததை நீங்களும் பாத்தனீங்கள்தானே!"

"நான் தெளிவா ஒண்ணும் பாக்கலையேம்மா." சத்தமே போடேல்லை அவர். "ஏடு குடுத்தவங்க விசாரிக்க வருவாங்க. நீங்க சர்ச்சுக்குப் போறவங்கன்னு நானா சொல்ல மாட்டேன். கேட்டா மறைக்கவும் முடியாது. என் புத்தகத்தை நிரூபிக்க இருந்த ஒரே இடம் போயிடுச்சு. யாருக்கு லாபம்னுதானே பார்ப்பாங்க?"

அப்பதான் எனக்கு விளங்கிச்சுது. அழிச்சது அவர், அழிச்ச பேர் எனக்கு. பாவி மனிசன், எவ்வளவு வடிவாக் கதை கட்டியிருக்கிறார்! மத்தியானம் டோர்வலிலை வேலைக்கு நிண்ட என்ரை மனிசன் பேனாட்டுக்கு ஃபோன் எடுத்து, ஏடு ஓட்டையாப்போச்சு, என்ரை தலையிலை போடப் பாக்கினம் எண்டு குழறினன். ஆர் அழிச்சது எண்டு சொல்லாமலே வைச்சிட்டன்.

பின்னேரம் வீட்டை போனால் பேனாட் தேத்தண்ணி ஊத்திவைச்சுக்கொண்டு வாசலிலை நிக்கிறார். முகமெல்லாம் சிரிப்பு.

"இஞ்சேருமப்பா, என்னட்டை மறைக்காதையும். நீர் செய்தது சரிதான். ஆண்டவருக்காகச் செய்தது பாவமில்லை."

"ஐயோ, நான் செய்யேல்லையப்பா!"

"ஓமோம், வெளியிலை அப்பிடித்தான் சொல்லவேணும். செபமாலை அண்ணைக்கு மட்டும்தான் சொன்னனான். அவர் சந்தோசத்திலை பங்கின்ரை வாட்ஸ்அப்பிலை போட்டிட்டார்."

ஃபோனைத் திறந்தன். வரிசையாக் கைகூப்பின படங்கள். எல்லாத்துக்கும் மேலை செபமாலை அண்ணை என்ரை முழுப்பேரையும், நான் வேலை செய்யிற இடத்தையும் போட்டு, அந்த ஏட்டை அழிச்ச எங்கடை பிள்ளைக்கு நன்றி எண்டு எழுதியிருந்தார்.