எழுபத்து நான்கு மில்லிமீட்டர்

மண்பாதை பைக் பந்தயத்தின் பயிற்சிச் சுற்று முடிந்து வந்தவளால் கையுறையைக் கழற்ற முடியவில்லை. அண்ணன் விரல் விரலாக இழுத்தான். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. போன வருடம் உடைந்த கை. உள்ளே ஒரு தகடும் ஆறு திருகாணிகளும் இருந்தன.

“கல்லு வர்ற இடத்துல எல்லாம் முன்சக்கரம் துள்ளுதுண்ணா. புடிச்சு வைக்கவே முடியல.”

“பழகிடும்.”

“பழகற மாதிரி இல்ல.”

போட்டிக்கு ஐம்பது நிமிடம் இருந்தது. முதல் எட்டுப் பேருக்குள் வந்தால் குழுவில் இடம். வராவிட்டால் அடுத்த ஆண்டு அவளுக்கு வண்டி கிடையாது.

பக்கத்துக் கூடாரத்து மெக்கானிக் எட்டிப் பார்த்தார். மீசையே இல்லாத அவரை எல்லாரும் மீசை என்றுதான் கூப்பிட்டார்கள்.

“என்ன குருவி, நீ ஏறி உட்கார்ந்தது வண்டிக்கே தெரியல போலிருக்கே. மூஞ்சியத் தூக்கிக்கிட்டே நிக்குது.”

“உங்க வேலையப் பாருங்கண்ணே,” என்றான் அண்ணன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

போன வருடம் ஒரு தாவலில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அடிவரை இறங்கி இடித்தது. அதற்குள் இருந்த ஸ்பிரிங் மென்மையானது. ஹேண்டில்பார் திரும்பி அவள் கையை உடைத்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த அண்ணனுக்கு அந்தச் சத்தம் கேட்டது. இன்னொரு முறை உடைந்தால் விரல்கள் மடங்காது என்றார் மருத்துவர்.

ஸ்பிரிங்கை ஓட்டுபவரின் எடை பார்த்துத்தான் போட வேண்டும். அவள் எடைக்கு நாற்பதாம் எண். இந்த வருடம் அண்ணன் அதைவிட விறைப்பான நாற்பத்தாறை வரவழைத்தான். அது எண்பது கிலோ ஆளுக்கானது. எங்கிருந்து விழுந்தாலும் அடிவரை இறங்காது என்று எண்ணினான். அவளிடம் நாற்பது என்று சொன்னான்.

அதை மாட்டி இரண்டு நாள் ஓட்டிய பிறகு நேற்று மாலை அளவெடுத்தார்கள். அவள் முழு உடுப்போடு ஏறி உட்கார்ந்தாள். முன்பக்கம் எழுபத்தைந்து மில்லிமீட்டர் அளவுக்கு இறங்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர் குனிந்தால் அளவு மாறிவிடும். அதனால் கீழே இருப்பவர் வாசிப்பதை நம்பித்தான் ஆகவேண்டும்.

“எழுபத்து நாலு,” என்று வாசித்தான் அவன்.

இப்போது அவள் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தாள்.

“ஸ்பிரிங் சரியாத்தான் இருக்கு. கோளாறு என்கிட்டதான். பயம் வந்துடுச்சு. கைய விறைச்சுப் புடிக்கிறேன், அதான் துள்ளுது.”

அவன் கையுறையை மடித்து வைத்தான்.

“விலகிக்கிறேண்ணா. இனிமே வேண்டாம். எதுவுமே வேண்டாம்.”

ஒரு வருடமாக அவன் கேட்க நினைத்த சொல் அது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அந்தக் கை பிழைத்துவிடும்.

விலகல் படிவத்தை அவளே வாங்கி வந்தாள். பேனாவைப் பிடிக்க முடியவில்லை.

“நீ எழுது.”

பெயர் எழுதினான். வண்டி எண் எழுதினான். அடுத்த கட்டத்தில் காரணம் கேட்டிருந்தது.

“என்னன்னு போடறது?”

“பயம்னு போடு. வேற என்ன?”

பேனா காகிதத்தில் ஊன்றியபடி நின்றது. மை சிறு பொட்டாகப் பரவியது.

“ஐம்பத்தொண்ணு,” என்றான்.

“என்ன ஐம்பத்தொண்ணு?”

“நேத்து வந்த அளவு. உள்ள இருக்கறது நாற்பத்தாறு.”

அவள் வண்டியைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள்.

“எனக்குப் பைத்தியம்னு நெனச்சேன்,” என்றாள். “மூணு நாளா.”

“இந்தத் தடவையும் உடைஞ்சிடும்னுதான்டி...”

“ஸ்பானர் எடு.”

வேறு ஸ்பிரிங் இல்லை. முன்சக்கரத்தை மண்ணிலிருந்து தூக்கி நிறுத்தினார்கள். ஃபோர்க்கின் மேல்மூடிகளைத் திறந்து ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைத்திருந்த வளையங்களை எடுத்தான். ஊசிக்குழாயால் ஃபோர்க்கின் ஒவ்வொரு காலிலிருந்தும் கொஞ்சம் எண்ணெயை உறிஞ்சினான். மூடினான். வண்டியை இறக்கியதும் அவள் ஏறி உட்கார்ந்தாள்.

“மீசையண்ணே,” என்று கூப்பிட்டாள். “ஒரு நிமிஷம் வாங்க. அளவு பாத்துச் சொல்லுங்க.”

அண்ணன் அளவுநாடாவை நீட்டினான். மீசை அவன் முகத்தைப் பார்த்தபடியே வாங்கிக்கொண்டு குனிந்தார்.

“அறுபத்திரண்டு. இதுக்கு மேல இறங்காது, குருவி. கல்லுல அடிக்கும்.”

“அடிக்கட்டும்.”

பதினான்கு நிமிடம் இருந்தது. அவள் இறங்கினாள்.

“வேற எதையாவது மாத்தியிருக்கியா?”

“இல்ல. அம்மா மேல சத்தியமா இல்ல.”

அவள் இடது கையில் ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஹேண்டில்பாரின் நான்கு போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்த்தாள். அவை முன்பே இறுக்கமாகத்தான் இருந்தன. பிரேக்கைப் பார்த்தாள். முன் அச்சைப் பார்த்தாள். மண்டியிட்டு எஞ்சின் அடியில் கையை விட்டாள். ஒவ்வொன்றுக்கும் நேரம் எடுத்தது. இடது கை அவளுக்குப் பழக்கமில்லை.

“நேரமாகுதுடி. எல்லாம் நான் இறுக்கினதுதான்.”

“தெரியும்.”

ஒலிபெருக்கி வண்டிகளை வரிசைக்கு அழைத்தது. மீசையின் ஓட்டுநர் கிளம்பிவிட்டான். கூடாரங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. வரிசையில் எஞ்சின்கள் உறுமின. கடைசி அழைப்பு வந்தது. அதற்குள் வரிசைக்குப் போகாதவர்கள் போட்டியில் ஓட்ட முடியாது. அவள் பின்சக்கரத்துக்குப் போனாள்.

“அதை நான் தொடவே இல்லடி!”

அவள் ஸ்பானரைப் பின் அச்சின் நட்டில் மாட்டினாள்.