யார் கொடி முன்னால்

பிரபுக்கள் இருவரும் சிலுவைப் போருக்கு வந்திருந்தார்கள். ஜெருசலேம் தூரம், வெயில் வேறு, போதாததற்கு அங்கே இருப்பவர்கள் திருப்பி அடிக்கிறார்கள். லிதுவேனியக் காட்டில் அந்தத் தொல்லை எல்லாம் இல்லை. மாதாவின் பேரால் வாளேந்திய வெள்ளை அங்கிச் சாமியார்கள் பிரஷ்யாவில் கோட்டை கட்டி வைத்து, குளிர்காலத்துக்குக் குளிர்காலம் விருந்தாளிகளை அழைத்துப் போனார்கள். சதுப்பு உறைந்திருக்கும் பத்து நாளில் வேலை முடியும். நாலு ஊரைக் கொளுத்திவிட்டுத் திரும்பினால் ஆன்மாவுக்கு மோட்சம், வயிற்றுக்குக் கௌரவப் பந்தி. பந்தியில் பன்னிரண்டே ஆசனம். தலைமாட்டு ஆசனம் ஒன்றே ஒன்று.

தூல்னே வழிகாட்டி. இரண்டு தலைமுறைக்கு முன்னால் அவனுடைய பிரஷ்ய ஜனத்தையும் இதே சாமியார்கள்தான் இதே முறையில் கொளுத்தி, மிஞ்சியவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தார்கள். ஆகவே அவன் விசுவாசி. காட்டுப்பாதை தெரிந்தவன் என்பதால் கஞ்சியும் கம்பளியும் கிடைத்தன. போன குளிர்காலத்தில் அவன் காட்டிய ஊரில் முப்பத்தெட்டுப் பேர் செத்தார்கள். அதில் பதினொரு பேருக்குக் குருவானவர் முதலில் தண்ணீர் தெளித்துவிட்டார் என்பதால், சபையின் ஏட்டில் அது பதினொரு ஆத்துமாக்கள் மீட்கப்பட்ட நாள் என்று எழுதப்பட்டது. மீதிப் பேரைப் பற்றி ஏடு பேசவில்லை. தூல்னேயும் பேசவில்லை.

இந்த முறை எந்த ஊர் என்பதைத் தளபதி கெர்லாக் சாமி கடைசி முகாமில், விடிந்த பிறகுதான் சொன்னார்.

"வார்னூப்பே."

தூல்னேயின் கையிலிருந்த கருவாடு பனியில் விழுந்தது. வார்னூப்பேயில் அவன் தங்கை தானுதே வாழ்க்கைப்பட்டிருந்தாள். புருஷன், இரண்டு பிள்ளைகள், ஒரு மாடு. ஆள் அனுப்ப நேரமில்லை. வழி தவறியதாக நடிக்கவும் முடியாது. முந்தைய வருஷம் அப்படி நடித்த ஒருவனை அவன் காட்டிய மரத்திலேயே தொங்கவிட்டிருந்தார்கள்.

வேறு வழியில்லாமல் கூட்டிப் போனான். உச்சி வேளைக்கு முன்பே மேட்டடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

"யோவ், இன்னும் எவ்ளோ தூரம்யா?" என்றார் புர்குந்திக்காரர் ஆன்சோ பிரபு. மூக்கு பீட்ரூட் நிறத்தில் இருந்தது.

"இந்த மேட்டுக்கு அந்தப்பக்கம்தான் பிரபு. மூணு அம்பு விடுற தூரம்."

"அப்ப என் கொடி முன்னால போகட்டும்."

"எதுக்கு?" என்றார் பவாரியாக்காரர் வோல்ஃபார்ட் பிரபு, குதிரையைக் குறுக்கே விட்டு. "முன்னால போற கொடிக்குத்தான் தலைமாட்டு ஆசனம்னு எனக்குத் தெரியாதா? நேத்து ஓடையைத் தாண்டறப்பவும் நீர்தானே முன்னால போனீர்."

"நான் போகல, குதிரை வழுக்கிக்கிட்டுப் போச்சு."

"உம்ம வம்சமே அப்படி வழுக்கிக்கிட்டு முன்னால வந்ததுதான்."

தளபதி கண்ணை மூடிக்கொண்டார். இவர்களைப் போன்ற விருந்தாளிகளை அவர் இருபது வருஷமாக மேய்க்கிறார். "சத்தம் போடாதீங்க பிரபு. ஊர்க்காரனுக்குக் கேட்கும்."

தூல்னேயின் காதில் விழுந்தது அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, முகத்தில் இருந்த அறிவையெல்லாம் துடைத்துவிட்டு, முன்னால் வந்தான்.

"பிரபுக்கள் மன்னிக்கணும். நான் காட்டான். பெரிய இடத்துல யார் வம்சம் பெரிசுங்கிறத எப்படிங்க தெரிஞ்சுக்கிறது?"

"கட்டியக்காரன் சொல்வான்," என்றார் ஆன்சோ. "என் பாட்டனுக்குப் பாட்டன்ல இருந்து வரிசையாச் சொல்வான்."

"இவர் கட்டியக்காரன் நாலு தலைமுறை சொல்றதுக்குள்ள மூச்சு வாங்குவான்," என்றார் வோல்ஃபார்ட். "என் ஆள் பதினாறு சொல்வான். நிக்காம."

"பதினாறா?" தூல்னே வாயைப் பிளந்தான். "எங்க ஊர்ப்பக்கம் ரெண்டுக்கு மேல தெரியாதுங்க பிரபு. ஆனா நம்ப மாட்டேன் பாருங்க. காதால கேட்டாத்தான்."

"நம்ப மாட்டியா நீ?"

"டேய், வாயை மூடு," என்றார் தளபதி. ஆனால் காரியம் அவர் கையை விட்டுப் போயிருந்தது. ஒரு காட்டான் தன் வம்சத்தைச் சந்தேகப்பட்டான் என்ற சேதி தன் ஊர் போய்ச் சேர்வதை இரண்டு பிரபுக்களில் எவரும் விரும்பவில்லை.

வோல்ஃபார்டின் எக்காளக்காரன் மூன்று முறை ஊதினான். முறைப்படி அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டுமாம். பிறகு கட்டியக்காரன் பனிமேட்டின் மீது ஏறி, ஊரைப் பார்த்து நின்று, பதினாறு தலைமுறைகளையும் அடிவயிற்றிலிருந்து முழங்கினான். ஏழாவது தலைமுறையில் ஒரு மாமனாரை விட்டுவிட்டான் என்று ஆன்சோ ஆட்சேபித்ததால் மறுபடி முதலிலிருந்து, எக்காளத்தோடு. அடுத்து ஆன்சோவின் ஆள். அவருக்கு எக்காளம் இரண்டு. கூடவே ஒரு முரசு.

வெயில் உச்சியைத் தாண்டிவிட்டது.

தூல்னே ஒவ்வொரு பாட்டனுக்கும் தலையை ஆட்டி, "அடேயப்பா" என்றான். இடையில் ஒருமுறை, பின்வரிசைக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றும் சொன்னான்.

கடைசியில் தளபதி இரண்டு கொடிகளையும் ஒரே கம்பில் கட்டச் சொல்லி, அந்தக் கம்பைத் தானே பிடித்துக்கொண்டு மேட்டைத் தாண்டினார்.

வார்னூப்பேயில் ஒரு ஆத்துமா இல்லை. அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. காட்டை நோக்கிச் சறுக்குவண்டித் தடங்கள் போயின. நடுவில் ஒரு மாட்டின் குளம்புத் தடம். தூல்னே அந்தத் தடத்தைக் கண்டதும்தான் மூச்சு விட்டான்.

"பயந்து ஓடிட்டான்," என்றார் ஆன்சோ, திருப்தியோடு. "என் பேரைக் கேட்டு."

"உம்ம பேரையா?" என்றார் வோல்ஃபார்ட்.

தளபதி கஞ்சிப்பானையையும் தூல்னேயையும் மாறி மாறிப் பார்த்தார். துரத்திப் போகலாம்; ஆனால் கூரைகளில் பனி சொட்ட ஆரம்பித்திருந்தது. சதுப்பு இளகினால் இந்தப் பதினாறு தலைமுறைகளும் கவசத்தோடு உள்ளே போய்விடும்.

"கொளுத்திட்டுத் திரும்பலாம்," என்றார்.

உடனே இருவரும் பந்தத்துக்குக் கை நீட்டினார்கள்.

"ரெண்டு பேரும் வேண்டாம்." தளபதி பந்தத்தைத் தூல்னேயின் கையில் வைத்தார். "இவ்வளவு அக்கறையா வம்சம் விசாரிச்சான் இல்ல. இவனே ஆரம்பிக்கட்டும். எந்த வீடுன்னு நீயே பாத்துக்கடா. உனக்குத் தெரியாத ஊரா?"

தூல்னே நடந்தான். எல்லா வீடும் எரியத்தான் போகிறது. தங்கை வீடு எது என்பதும் தளபதிக்குத் தெரிந்திருக்கலாம்; அடுத்தவன் வீட்டில் வைத்துவிட்டு அதை விட்டுவிட்டால் அவருக்கு வேறு அத்தாட்சி தேவைப்படாது. வேலியோரம் பிள்ளைகள் உருட்டி வைத்த பனிப்பொம்மை ஒன்று, தலையில் தானுதேயின் பழைய துணியோடு நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு போய், அவள் வீட்டுக் கூரையில், காய்ந்த பக்கமாகப் பார்த்துப் பந்தத்தை வைத்தான். நாணல் சடசடவென்று பிடித்துக்கொண்டது. அவள் மறுபடி கூரை வேய வேண்டும், வேய்வதற்கு இருப்பாள்.

பின்னால், பிரபுக்களோடு படையில் வந்திருந்த அவர்கள் பிள்ளைகள் வரிசையாக முழந்தாளிட்டு, ஆளில்லாத மாட்டுத்தொழுவத்தின் முன்னால் மாவீரர் பட்டம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். குருவானவர் ஏட்டோடு தூல்னேயிடம் வந்தார்.

"என்னப்பா, அழறியா?"

"புகைங்க சாமி."

குருவானவர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்து, புது விசுவாசி ஒருவன் வெற்றியைக் கண்டு ஆனந்தக் கண்ணீர் வடித்தான் என்று எழுதிக்கொண்டார்.