தாகமெடுக்காத செடிகள்

சிஸ்டர் அந்தச் செடிகளைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அவற்றுக்கு யாரும் எதுவும் செய்ய வேண்டாம் என்பதுதான். லாவெண்டர், சால்வியா, நித்தியகல்யாணி. வேர் பிடித்துவிட்டால் மழை பொய்த்தாலும் முகம் கோணாமல் வருஷா வருஷம் பூக்கும், தேனீயும் பட்டாம்பூச்சியும் தேடி வரும் என்று நாற்றுக்கடைக்காரர் சொன்னார். நாள் முழுக்க ஆஸ்பத்திரி வார்டில் கூப்பிட்ட கட்டிலுக்கெல்லாம் ஓடிவிட்டு வருகிறவளுக்கு, தன்னைக் கூப்பிடாத ஓர் உயிர் இருக்கிறது என்பதே ஆறுதலாகப் பட்டது.

நட்ட இடம், குடியிருப்பின் கேட்டை ஒட்டி மதிலோரம் பாய் அகலத்துக்கு இருந்த மண்துண்டு. அதில் சிமெண்ட் பூசி பைக் நிறுத்துவது சங்கத் தலைவரின் வாழ்நாள் லட்சியம். சட்டைப்பையில் எப்போதும் அளவு டேப் இருப்பதால் அவர் பெயர் டேப்பு மாமா.

“செடிங்க வெயில்ல காயறத பாத்தா எனக்கே மனசு கேக்கலம்மா. கோடை முடியறதுக்குள்ள பூத்தா இருக்கட்டும். இல்லன்னா சிமெண்ட்டுதான்” என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

செடிகள் வளர்ந்தன. அப்படி ஒரு வளர்த்தி! கொழுகொழுவென்று, நிற்க முடியாமல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு. பூ மட்டும் இல்லை. லாவெண்டரின் அடித்தண்டு கறுத்திருந்தது. சிஸ்டர் மண்ணில் விரலை விட்டாள். சேறு.

யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் வாயில் எதுவும் போடாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாலும், தலையணைக்கடியில் பிஸ்கட் ஒளித்து வைக்கிற சொந்தக்காரர்களை அவள் தினமும் பார்க்கிறாள்.

வீடு வீடாக விசாரித்தாள். கீழ்வீட்டு டீச்சரம்மா ஒப்புக்கொள்ளவில்லை. “நான் ஊத்துனது அரிசி களைஞ்ச தண்ணி. அது தண்ணியில எப்படிம்மா சேரும்?”

மாடிவீட்டு டிரைவர், “ஏசி தண்ணி சிஸ்டர், சும்மாதானே சொட்டுது” என்றார்.

கடைசியாகத் தலையைச் சொறிந்தது அவள் புருஷன்.

“நீங்களுமா?”

“நீ டியூட்டிக்குப் போனதும் ஒரு வாளி. பூக்கலன்னா உன் முகம் வாடிடுமேன்னுதான்...”

“என் முகம் வாடிட்டுப் போகட்டும். செடிய கொஞ்சம் வாட விட்டாத்தாங்க பூக்கும்!”

‘தண்ணீர் ஊற்ற வேண்டாம்’ என்று அட்டை எழுதிக் கட்டினாள். டீச்சரம்மா அதைப் படித்து உச்சுக்கொட்டினாள். “பாவம், தன்மானமுள்ள பொண்ணு. யாருக்கும் சிரமம் வேண்டாம்னு பாக்குது.” மறுநாள் இன்னும் பெரிய பாத்திரத்தோடு வந்தாள்.

ஆக, பார்த்துக்கொள்ளவே வேண்டாம் என்று நட்ட செடிகளை, பார்த்துக்கொள்கிறவர்களிடமிருந்து காப்பாற்ற அவளே காவல் உட்கார வேண்டியதாயிற்று. டியூட்டி முடிந்ததும் பிளாஸ்டிக் நாற்காலி. வீங்கிய காலை நீட்டிக்கொண்டு, சொம்போடு வந்தவர்களிடமெல்லாம் வார்டுக் குரலில், “பாக்குற நேரம் முடிஞ்சுது, கிளம்புங்க” என்றாள். காலைக் காவலுக்குப் புருஷன். தலையில் அடித்துச் சத்தியம் வாங்கித்தான் விட்டாள்.

அழுகிய லாவெண்டரைப் பிடுங்கி எறிந்தாள். மண் வெடித்தது. இலைகள் சுருங்கின. கல்நெஞ்சக்காரி என்று பேர் வந்தது. அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

பிறகு ஒரு நாள் சால்வியா நீலமாகக் கதிர் விட்டது. அடுத்து நித்தியகல்யாணி. தேனீக்கள் யாரிடமும் கேட்காமல் வந்து வேலையை ஆரம்பித்தன.

கோடை முடிகிற வாரம் டேப்பு மாமா கொத்தனாரோடு வந்தார். பூவைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் ஆள் விடுகிறவர் இல்லை.

“பூத்தது பாதிதானேம்மா? லாவெண்டர் இருந்த பக்கம் காலிதானே? அங்க ஒரு பைக்காவது நிக்கும்” என்று குந்தி உட்கார்ந்து டேப்பை இழுத்தார். கைக்குப் பக்கத்தில் ஒரு தேனீ சுற்றியது. அப்படியே உறைந்தார்.

“ஏம்மா, இது கொட்டுமா?”

பூவில் மும்முரமாக இருக்கிற தேனீ, கையில் வைத்து நசுக்கினாலொழிய ஒன்றும் செய்யாது என்று சிஸ்டருக்குத் தெரியும். ஊசியை எடுக்கும்போதெல்லாம் வாய் கூசாமல் ‘வலிக்காது, எறும்பு கடிச்ச மாதிரிதான்’ என்று சொல்லிப் பழகியவள் அவள். இன்றைக்கு இதமாகப் பேச வரவில்லை, அவ்வளவு அசதி.

“கொட்டும் மாமா. பைக்க எடுக்க வர்றவங்களயும் கொட்டும். வீங்கிடுச்சுன்னா எங்க வார்டுக்கு அனுப்புங்க. நான்தான் ஊசி போடுவேன்.”

டேப் சர்ரென்று கூட்டுக்குள் ஓடியது. கொத்தனார் ஏற்கெனவே கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார்.

சிஸ்டர் செருப்பைக் கழற்றினாள். டீச்சரம்மாவின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது, கூடவே பாத்திரம் இடிபடும் சத்தமும். மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டாள்.