மைனஸ் ஐம்பது

விடுதிக்கு அறை பிரிக்கும் மென்பொருளை எழுதியவள் நான்தான். கல்லூரியில் கணினி மூன்றாம் ஆண்டு. விதி எளிது. ஒவ்வொருத்தியும் தனக்குப் பிடித்தவர்களுக்குப் பத்துக்குள் மதிப்பெண் போட வேண்டும். இருவர் ஒருவருக்கொருவர் போட்டதைக் கூட்டினால் அது அந்த ஜோடியின் எடை. மொத்த எடை எப்படிச் சேர்த்தால் மிக அதிகமாக வருமோ அப்படி மென்பொருள் ஜோடி சேர்க்கும். தொண்ணூற்று நான்கு பேர், நாற்பத்தேழு அறைகள்.

நான் ஜாஸ்மிக்குப் பத்து போட்டேன். அவள் எனக்குப் பத்து. வேறு யாருக்கும் நாங்கள் எதுவும் போடவில்லை.

அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த பட்டியலில் நாங்கள் இருவர் மட்டும் ஜோடியில்லாமல் நின்றோம். வார்டன் சண்முகவடிவு மேடம் என்னை அழைத்து நாற்பத்தேழாம் அறையின் சாவியைக் கையில் வைத்தார்.

"அபிதா, நீ தனியா இருந்துக்கோ மக்களே."

"அப்போ ஜாஸ்மி?"

"ஜோடி இல்லாதவளுக்கு இடம் இல்ல. மெசினாக்கும் சொல்லுது, நான் இல்ல."

ஜோடி எனக்கும்தான் இல்லை; எனக்கு மட்டும் சாவி. இருபது எடை உள்ள இரண்டு பேரைச் சேர்க்காமல் வெறுமே விட்டுவிட என் மென்பொருளுக்குத் தெரியாது. அவர் மேசையிலிருந்த கணினியிலேயே கோப்பைத் திறந்தேன். புதிதாக ஒரு பத்தி முளைத்திருந்தது. கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் ஏழு பேர். அவர்களை மற்றவர்களோடு சேர்க்கும் ஒவ்வொரு வரியிலும் மைனஸ் ஐம்பது. எடை பூஜ்யத்துக்குக் கீழே போனால் மென்பொருள் அந்த ஜோடியைத் தொடாது. அந்த ஏழு பேரில் ஆறு பேர் தங்களுக்குள் ஜோடியாகிவிட, மிஞ்சியவள் ஜாஸ்மி. மற்ற எண்பத்தேழு பேரில் மிஞ்சியவள் நான்.

"இது யாரு போட்டது மேடம்?"

"கருவாட்டு மணம் பிடிக்காதுன்னு சைவக்காரங்க வீட்டுல இருந்து போன்ல விளிச்சு சொல்லுகாங்க. நான் என்ன செய்ய?"

"யாரு விளிச்சா? இதை மெசின் சொன்னதுன்னு எழுதி ஒட்டிட்டீங்க, என்னா? விளிச்சவங்க பேரையும் சேத்து ஒட்டுங்க!"

மேடம் சிரித்தார். "ஒட்டேன். காரணம்னு ஒரு பத்தி இருக்குல்லா, வாசிச்சுப் பாரு. மொதல்ல விளிச்சது பூதப்பாண்டியில இருந்து. உனக்க அம்மையாக்கும்."

வாசித்தேன். நாகம்மை. அபிதாவின் தாயார். போன மாதம் ஜாஸ்மி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு மூன்று முறை சோறு வைத்த அம்மா.

மைனஸ் ஐம்பது இருந்த வரிகளை எல்லாம் அச்சில் எடுத்தேன். மேடம் "ஏட்டி, நில்லு" என்று எழுவதற்குள் அறிவிப்புப் பலகைக்கு ஓடிப்போய்ப் பட்டியலின் பக்கத்திலேயே ஒட்டினேன். முதல் வரியில் அம்மாவின் பெயர். நாற்பத்தேழாம் அறைக்கு நேரே, என் பெயருக்கு அடுத்து, பேனாவால் ஜாஸ்மி என்று எழுதினேன். தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி எழுதினேன்.

வாசலில் ஜாஸ்மியும் அவள் அப்பா ததேயுஸும் தகரப் பெட்டியோடு நின்றார்கள்.

"இடம் உண்டா மக்களே? இல்லன்னா அடுத்த பஸ்ஸுக்கே திரும்பிருவோம்" என்றார் அவர்.

"ரெண்டு கட்டில் உண்டு மாமா."

பெட்டியின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன். பின்னாலிருந்து மேடம் கத்தினார்: "உனக்க அம்மை வரட்டும்!"

"வரட்டும் மேடம். வந்து அந்தத் தாளை வாசிக்கட்டும்."