என் பெயர் சந்திரலேகா

"ஏட்டி, இது யாரு கொரலு?" என்று இசக்கிராஜ் கேட்டார்.

சந்திரலேகாவுக்குத் தெரியவில்லை. அவள் கையில் பள்ளி நூலகத்துப் புத்தகம் இருந்தது. அதன் பின்னட்டையில் ஒட்டியிருந்த கட்டம் போட்ட கியூஆர் ஸ்டிக்கரை அப்பாவின் போன் இப்போதுதான் படித்திருந்தது. "வணக்கம். என் பெயர் சந்திரலேகா. எட்டாம் வகுப்பில் படிக்கிறேன். தாராவியில் வசிக்கிறேன்" என்றது போனுக்குள் இருந்து ஒரு பெண் குரல். சுத்தமான, குளிர்ந்த குரல். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் போனைப் பார்த்தார்கள். பிறகு சந்திரலேகாவைப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த ஒற்றை அறைக்குள் சந்திலிருந்த பாதிப் பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் அபுதாஹிர் உட்கார்ந்திருந்தார். அவருடைய பை பட்டறையில்தான் இசக்கிராஜ் தோல் வெட்டுகிறார். "எம் மவ கத சொன்னத புஸ்தகத்துல ஒட்டியிருக்காவ மொதலாளி, போனக் காட்டுனாப் பேசும்" என்று ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவரை வீட்டுக்கே அழைத்து வந்து, அரை கிளாஸ் கட்டிங் சாயும் வாங்கிக் கொடுத்திருந்தார்.

அபுதாஹிர் சாயைக் குடித்து முடித்துவிட்டுச் சிரித்தார். "பேரு நம்ம பிள்ள பேருதான், இசக்கி. கொரலு பெரிய வீட்டுப் பிள்ள கொரலாட்டம்லா இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். இசக்கிராஜ் எழுந்து மகளின் கன்னத்தில் அறைந்தார்.

"பேசுனேன் பேசுனேன்னு பொய்யா சொன்ன? காலிபீலியா, ஒண்ணுமில்லாததுக்கு ஆளுவ முன்னால என்னய அசிங்கப்படுத்திட்டியே!"

"பிள்ளய எதுக்கு அடிக்கிய? அவ பொய் சொல்லுத பிள்ள இல்ல" என்று ஜெபா மகளை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"அப்ப இது என்னட்டி? எவளோ ஒருத்தி இவ பேரச் சொல்லிட்டுப் பேசுதா!"

அன்று சாயங்காலத்துக்குள் சந்துப் பிள்ளைகள் சந்திரலேகாவுக்கு 'டப்பிங்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பள்ளியில் பல வருடங்களாக ஒரு நூலகம் உண்டு. அதற்கு ஒரு பூட்டும் உண்டு. கொடுத்தால் கிழித்துவிடுவார்கள் என்று பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுப்பதில்லை. பிள்ளைகளுக்குப் படிக்கும் பழக்கமே இல்லை என்று ஆண்டுவிழா தவறாமல் மேடையில் வருத்தப்படுவதும் உண்டு. ஒரு கம்பெனி டேப்லெட்டுகளையும் பெரிய திரையையும் இலவசமாகக் கொடுத்தபோது, பள்ளியை நடத்தும் டிரஸ்ட் முதலில் செய்த காரியம் அவற்றுக்கும் பூட்டோடு ஓர் அலமாரி வாங்கியதுதான்.

ஒப்பந்தத்தில் நூலகராக வந்த சாயிரா டீச்சர் அந்தப் பூட்டுகளின் சாவியை வாங்கித் திறந்தாள். தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறும் பிள்ளைகள் அவளிடம் வந்தார்கள். வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, கையில் போன். அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு புத்தகத்தின் கதையை ஒரு மாணவரே தன் பேச்சில் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். ஆனால் பாதிக் கதைதான். நல்ல கட்டத்தில் நிறுத்திவிட வேண்டும். அந்தப் பதிவுக்கான ஸ்டிக்கர் புத்தகத்தின் பின்னட்டையில். டேப்லெட்டில் காட்டினால் கதை கேட்கும், மீதி வேண்டுமென்றால் புத்தகத்தைத் திறந்துதான் ஆக வேண்டும்.

சந்திரலேகாவுக்குக் கிடைத்தது டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் ஏறிய ஆட்டின் கதை. அதில் வரும் கண்டக்டரை அவள் தன் சந்துக்காரராக்கிவிட்டாள். "ஏலே, எறங்குலே கீழ! ஒங்கப்பன் வீட்டு பஸ்ஸால இது?" என்று அவள் கத்துவதைக் கேட்டு இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். "ஆடு மெதுவா வாயத் தொறந்துச்சு. தொறந்து என்ன சொல்லிச்சு தெரியுமா?" என்ற இடத்தில் பதிவு நின்றுவிடும். பிள்ளைகள் அலமாரிக்கு ஓடுவார்கள். ஒரே புத்தகத்தை நாலு பேர் பிடித்துக்கொண்டு, விரல் வைத்து, எழுத்தெழுத்தாக, மூச்சு வாங்க மீதிக் கதையைப் படித்தார்கள். பல வருடப் பூட்டு செய்யாத வேலையை அந்தப் பாதிக் கதை செய்தது.

இது டிரஸ்டின் கல்விக் குழுத் தலைவி நாகலக்ஷ்மி அம்மாளின் காதுக்குப் போனது.

நாகலக்ஷ்மி அம்மாள் ஜாதி பார்க்காதவர். இதை வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை, ஒவ்வொரு கூட்டத்திலும் அவரே சொல்லிவிடுவார். சாயிராவை மாட்டுங்கா வீட்டுக்கு அழைத்துக் காபியும் கொடுத்தார். பேப்பர் கப்பில் வந்தது. கொரோனா சமயத்தில் வாங்கியதில் மிச்சம் இருக்கிறதாம். அந்த மிச்சம் என்றைக்குத் தீரும் என்று சாயிரா கேட்கவில்லை.

"குழந்தை பிரமாதமாச் சொல்றா, இல்லேங்கலே" என்றார் அம்மாள். "ஆனா அந்த பாஷை! 'ஏலே'ங்கறா, 'எறங்குலே'ங்கறா. டிரஸ்ட் பேர்ல வர்றது இது. கேக்கற குழந்தைகளுக்கெல்லாம் ஒட்டிண்டுடுமே!"

"கேக்குற பிள்ளைங்க வீட்டுலயும் அப்படித்தான் மேடம் பேசுறாங்க."

"அதை மாத்தத்தானே பள்ளிக்கூடம் நடத்தறோம்?"

அம்மாளின் அண்ணன் மகள் பிரணதி செம்பூரில் பெரிய பள்ளியில் படிக்கிறாள். நல்ல குரல், பாட்டும் கற்றுக்கொள்கிறாள். அவளை வைத்துக் கதையை மறுபடி பதிவு செய்வதாக முடிவாயிற்று. பிரணதிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது என்பதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை. ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தார்கள், அவள் படித்தாள். கண்டக்டர் ஆட்டைப் பார்த்து, "ஆடே, தயவுசெய்து கீழே இறங்கு" என்றார்.

ஒரே ஒரு சிக்கல். பேசுகிற குழந்தை தாராவிக் குழந்தையாக இருக்க வேண்டும் என்பது டேப்லெட் கொடுத்த கம்பெனியின் ஆசை. அதற்கும் அம்மாளிடம் வழி இருந்தது. பெயரும் படமும் சந்திரலேகாவுடையதாகவே இருக்கட்டும்.

"குழந்தைக்கு ஒரு நஷ்டமும் இல்லையே" என்றார். சாயிராவின் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிவதையும் அன்பாக நினைவுபடுத்தினார்.

இதையெல்லாம் திங்கட்கிழமை நூலகத்தில் சந்திரலேகாவிடம் சொல்லும்போது சாயிரா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்கிட்ட முன்னாலயே சொல்லியிருக்கலாம்ல டீச்சர்? எங்கப்பா அடிச்சிட்டாரு."

"சொல்லியிருக்கணும்மா. பயந்துட்டேன்" என்றாள் சாயிரா.

அதே வாரம் இசக்கிராஜைப் பள்ளிக்குக் கூப்பிட்டார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு போய் நின்றார். நாகலக்ஷ்மி அம்மாள் அவரை உட்காரச் சொல்லி, உட்காரும் முன்பே விஷயத்தைச் சொல்லி முடித்தார். டிஜிட்டல் நூலகத்தின் திறப்பு விழாவுக்குக் கம்பெனிப் பெரியவர் வருகிறார். சந்திரலேகா மேடையில் டேப்லெட்டோடு நிற்க வேண்டும். கதை ஸ்பீக்கரில் வரும். அதற்குத் தகுந்தபடி அவள் வாயை அசைத்தால் போதும். "உங்க பொண்ணு படத்தைப் பெரிசா கேட்ல வைக்கப் போறோம்."

"பெரிய மனசும்மா ஒங்களுக்கு" என்று இசக்கிராஜ் கும்பிட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் சந்திரலேகா கேட்டாள். "கொரலு என்னது இல்லயேப்பா?"

"படம் ஒன்னதுதானட்டி? கொரல யாரு பாக்கா?" என்றார். கொஞ்ச தூரம் போனதும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நீ பேசுனா நம்ம ஆளுன்னு தெரிஞ்சிரும்லா. அவிய பேசுனாத்தான் மதிப்பு."

எத்தனையோ பேர் எத்தனையோ காலமாகச் சொல்லிக் கொடுத்த பாடம் அது. பள்ளிக்கூடமே போகாத மனிதருக்கு அது மட்டும் மனப்பாடமாக இருந்தது.

"அப்ப நான் பொய் சொல்லலன்னு சந்துல எல்லார்ட்டயும் சொல்லுவியளா?"

இசக்கிராஜ் வேகமாக நடந்தார். உண்மையைச் சொன்னால், மகளின் பேச்சு ஆகாது என்று டிரஸ்ட் தள்ளியதையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும்.

விழா நாளில் பள்ளி முழுக்கப் பலூன். கம்பெனிப் பெரியவருக்குச் சால்வை. தமிழ் தெரியாத அவர் தமிழின் பெருமை பற்றி ஹிந்தியில் பேசினார். பிறகு அறிவிப்பு வந்தது, சந்திரலேகா கதை சொல்லப் போகிறாள் என்று. அவள் மேடையின் நடுவில் மைக் முன்னால் வந்து நின்று டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்தாள். பெரிய திரையில் அவள் முகம் தெரிந்தது. பின் வரிசையில் இசக்கிராஜும் ஜெபாவும் நின்றபடி பார்த்தார்கள்.

"வணக்கம். என் பெயர் சந்திரலேகா" என்றது ஸ்பீக்கர்.

சந்திரலேகா வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

"எட்டாம் வகுப்பில் படிக்கிறேன். தாராவியில் வசிக்கிறேன்."

மேடையோரத்திலிருந்து நாகலக்ஷ்மி அம்மாள் தன் வாயைத் திறந்து மூடிக் காட்டினார். போட்டோக்காரர் உதட்டைக் குவித்துக் காட்டினார். கதை ஓடியது, ஆடு பஸ்ஸில் ஏறியது, கண்டக்டர் தயவுசெய்து இறங்கச் சொன்னார். திரையில் அவ்வளவு பெரிய முகம், உதடு மட்டும் ஒட்டினாற்போல் இருந்தது. சபையில் சலசலப்புக் கிளம்பியது.

கம்பெனிப் பெரியவர் குனிந்து, "பேட்டா, போல் க்யூன் நஹீ ரஹீ?" என்று, அவள் ஏன் பேசவில்லை எனக் கேட்டார்.

"ஸர், யே மேரா ஆவாஸ் நஹீ ஹை" என்றாள் சந்திரலேகா. இது என் குரல் இல்லை என்று அவருக்குப் புரிகிற பாஷையில், மரியாதையாகத்தான் சொன்னாள். மைக்கில் எல்லாருக்கும் கேட்டது.

நாகலக்ஷ்மி அம்மாள் கலகலவென்று சிரித்தார். "ஷர்மாதீ ஹை" என்றார். வெட்கப்படுகிறதாம் குழந்தை. பெரியவரும் நிம்மதியாகச் சிரித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். உண்மையைக் கைதட்டி முடித்து வைப்பதில் நம் சபைகளுக்கு நல்ல பழக்கம் உண்டு.

"ஆடு மெதுவாக வாயைத் திறந்தது. என்ன சொன்னது? புத்தகத்தைத் திறந்து பாருங்கள்!" என்று சொல்லி ஸ்பீக்கர் நின்றது. ஒரு பிள்ளையும் அலமாரிப் பக்கம் திரும்பவில்லை.

விழா முடிந்து பெரியவர்கள் சமோசா தின்னப் போனதும், இரண்டாம் வகுப்புக் கூட்டம் மாடிப்படி ஓரத்தில் சந்திரலேகாவை வளைத்துக்கொண்டது. "யக்கா, நீ சொல்லுக்கா!"

அவள் படியில் உட்கார்ந்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். மகளைத் திட்டுவதற்காகத் தேடி வந்த இசக்கிராஜ் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டார். இந்தக் கதையை அவள் சொல்லி அவர் கேட்பது இதுதான் முதல் தடவை.

"கண்டக்டரு ஆட்டோட காதப் புடிச்சாரு. 'ஏலே, எறங்குலே கீழ! ஒங்கப்பன் வீட்டு பஸ்ஸால இது?' ஆடு மெதுவா வாயத் தொறந்துச்சு." இன்று அவள் பாதியில் நிறுத்தவில்லை. "'அண்ணாச்சி, எங்க சித்தப்பா தெனமும் ஒம்ம தோள்ல தோல் பையாத் தொங்கிக்கிட்டு இந்த பஸ்ஸுலதான் போறாரு. அவருகிட்ட என்னைக்காவது டிக்கெட்டு கேட்டீரா? எனக்கு மட்டும் எதுக்குக் கேக்கீரு?'"

பிள்ளைகள் கூச்சல் போட்டுச் சிரித்தார்கள். தூணுக்குப் பின்னால் அந்தத் தோல் வெட்டுகிறவரும் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று அறைந்த கையை அவர் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

அடுத்த மாதம் சாயிராவின் ஒப்பந்தத்தை டிரஸ்ட் புதுப்பிக்கவில்லை. டேப்லெட்டுகள் பத்திரமாக அலமாரிக்குள் போயின. சாவி ஆபீஸுக்குப் போயிற்று. பள்ளி வாசலில் மட்டும், சொன்ன சொல் தவறாமல், பெரிய பேனர் கட்டினார்கள். அதில் சந்திரலேகாவின் முகம். கீழே கொட்டை எழுத்தில் 'தாராவியின் குரல்' என்று போட்டிருந்தது. அன்றைய விழாவில் எடுத்த படங்களில் வாய் திறந்த படம் ஒன்றுகூட இல்லாததால், இருந்ததில் ஒன்றைப் போட்டிருந்தார்கள்.

ஒரு நாள் காலை இசக்கிராஜ் அந்தப் பேனர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். வாசலில் நாகலக்ஷ்மி அம்மாளின் கார் அப்போதுதான் வந்து நின்றது. அந்த வழியாகப் போன அபுதாஹிர் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

"இசக்கி, ஒம் மவதான? கொரலுன்னு போட்டிருக்கு. வாய மூடிக்கிட்டுலா நிக்கா?"

"ஆமா மொதலாளி" என்றார் இசக்கிராஜ், காரிலிருந்து இறங்குகிறவருக்கும் கேட்கும்படி. "அவிய பேச வச்சது எம் மவ கொரலு இல்ல. அதான் எம் மவ வாயத் தொறக்கல."