திரும்பினால் உயிர்

ட்ரெய்லர் வெளியான அன்று காலையிலிருந்தே ஓவியருக்குப் பாராட்டு மழை. “பொண்ணு பிரமாதம்” என்று சொன்ன ஒவ்வொருவரிடமும் பெற்ற அப்பன்போல் நெளிந்துகொண்டிருந்தார். பொண்ணு என்றால் அவர்கள் ஆபீஸ் தயாரிக்கும் வீடியோ கேமின் கதாநாயகி. பெரிய கண், தெத்துப்பல், தோளில் முடிச்சுப் போட்ட சிவப்புக் கம்பளி. பாராட்டில் பாதி கம்பளிக்குத்தான்.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் ட்ரெய்லருக்கு அடியில் முன்பின் தெரியாத யாரோ எழுதியிருந்தார்: “வலது தோள்ல முடிச்சு போட்டா எங்க ஜனத்துல அது பொணத்துக்கு. இந்தப் பொண்ணு செத்த பிறகும் எதுக்கு இந்த ஓட்டம் ஓடுது?”

ஓவியர் அதை மூன்று தடவை படித்தார்.

எழுதியவரின் ஜனம்தான் ஓவியருடைய மனைவியின் ஜனமும். மனைவி பேண்ட் சட்டையில் மருந்துக்கடைக்கு வேலைக்குப் போகிறவள்; அவளுடைய கம்பளி பீரோவின் அடித்தட்டில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அப்படி ஒன்றை ஒருவர் உடம்பில் கட்டி ஓவியர் பார்த்தது ஒரே தடவை. மாமனார் செத்த அன்று. வீடே அழுதுகொண்டிருக்க, எங்கே நிற்பது என்று தெரியாமல் கால்மாட்டில் போய் நின்ற வீட்டு மாப்பிள்ளை, முடிச்சையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன மடிப்பு, என்ன அழகு என்று நினைத்தார். பக்கத்தில் நின்றவர்கள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வரையும்போது மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சர்ப்ரைஸ் கெட்டுவிடுமே. “அவங்க ஆளுங்க ஏதாவது சொல்லிடப் போறாங்கப்பா” என்று முதலாளி இழுத்தபோதுகூட, “அட, எல்லாம் நம்ம வீட்டு ஜனம் சார்” என்று மார்தட்டினார். அந்த மார்புதான் இப்போது அடித்துக்கொண்டது.

ஏனென்றால் சாயங்காலம் எல்லோர் குடும்பமும் ஆபீசுக்கு வந்து விளையாடிப் பார்க்கப் போகிறார்கள். “வீடியோல பாக்கமாட்டேன், உன் பொண்ண நேர்லயே வந்து பாக்கறேன்” என்று மனைவி செய்தி அனுப்பியிருந்தாள். பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை வேறு.

ஓவியர் புரோகிராமரிடம் ஓடினார். கேமில் ‘பக்’ என்கிற கோளாறுப் பூச்சிகளைப் பிடிக்கிறவன் என்பதால் ஆபீசில் அவனுக்குப் பெயரே பூச்சி.

“தம்பி, முடிச்ச மட்டும் இடது தோளுக்கு மாத்திடலாமா?”

“மாத்தலாம்ணே. ஆனா அவ வலப்பக்கம் ஓடற படம் மட்டும்தான் நம்மகிட்ட இருக்கு. இடப்பக்கம் திரும்பினா அதையே கண்ணாடில காட்டற மாதிரி புரட்டிப் போடறோம். ஓடும்போது முடிச்சு வலது தோள்ல, திரும்பினா தானா இடது தோள்ல.”

“அப்போ இப்பவே பாதி நேரம் உயிரோடதான் இருக்கா?”

“திரும்பினா உயிர். ஆனா கேம் பூரா வலப்பக்கம்தானே போகுது?” பூச்சி தலையைச் சொறிந்தான். “மாத்தினா இது அப்படியே உல்டா ஆகும், திரும்பினா பொணம். சரியா வரணும்னா ரெண்டு பக்கமும் தனித்தனியா வரையணும். ஓடறது, குதிக்கறது, ஏறறது, அத்தனையும்.”

முதலாளி அறைக்குள் போனபோது ஓவியரின் குரல் இரவல் வாங்கின குரல்போல் இருந்தது. முதலாளி வாயைத் திறந்தாலே ரிலீஸ் என்றுதான் வரும்.

“ரிலீஸ நெருங்கிட்டோம்யா. எத்தன பேருக்குத் தெரியப்போவுது?”

“என் பொண்டாட்டிக்குத் தெரியும் சார்.”

“வீட்ல கேட்டாச்சுன்னியே?”

“வீட்டு ஜனம்னுதான் சார் சொன்னேன். கேட்டேன்னு சொல்லல.”

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “யோவ், இது எவ்வளவு நாசூக்கான பொய்!”

சாயங்காலம் மனைவி வந்துவிட்டாள். மருந்து வாசனையோடு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “எங்க உன் பொண்ணு?” ஓவியர் தண்ணீர் வேண்டுமா என்றார், டீ வேண்டுமா என்றார், ஃபேன் போடவா என்றார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

திரையில் பொண்ணு வலப்பக்கம் ஓடினாள். மனைவி சிரித்தாள். பொண்ணு ஒரு பள்ளத்தைத் தாண்டினாள். அப்புறம் மனைவியின் சிரிப்பு நின்றது. விரல் நின்றது. பொண்ணும் நின்று மூச்சு வாங்கினாள்.

மனைவி இடப்பக்க பட்டனை அழுத்தினாள். பொண்ணு திரும்பினாள். அப்படியே இடப்பக்கமாகவே, வந்த வழியே, பள்ளத்தைத் திரும்பத் தாண்டி, தொடங்கிய இடத்தையும் தாண்டிப் போய்ச் சுவரில் முட்டினாள். மனைவி பட்டனிலிருந்து கையை எடுக்கவில்லை. பொண்ணு சுவரோடு சுவராக ஓடிக்கொண்டே இருந்தாள்.

“இந்தப் பக்கம் வழி இல்லியா?”

“இல்ல... அந்தப் பக்கம்தான்...”

“அப்பாவப் பாத்துதான வரஞ்ச?”

ஒரு ஜோக் வாய்வரை வந்தது. எந்தச் சாவிலும் கைகொடுக்கும் ஜோக்குகள் அவரிடம் உண்டு. இன்று ஒன்றும் வாயைத் தாண்டவில்லை. “ஆமா” என்றார்.

“எங்கிட்ட கேட்டிருந்தா கட்டிக் காமிச்சிருப்பேன்ல?”

“சர்ப்ரைஸா இருக்கட்டும்னு...”

“சர்ப்ரைஸ்தான்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏசி குளிருக்காக நாற்காலியில் யாரோ போட்டு வைத்திருந்த சால்வையை உருவி, “நில்லு” என்று அவர் இடது தோளில் சுற்றி முடிச்சுப் போட்டாள். கொஞ்சம் கழுத்தை நெரிக்கிற மாதிரியே இழுத்தாள். அது தற்செயல் என்று நம்ப ஓவியருக்கு ஆசை.

“இப்ப திரும்பு.”

திரும்பினார்.

“இடம் மாறிச்சா?”

“இல்ல.”

“மனுஷங்களுக்கு மாறாது.”

ஓவியர் பின்னால் நின்ற முதலாளியைப் பார்த்தார். “சார், நான் ரெண்டு பக்கமும் வரையப் போறேன். அதுவரைக்கும் இந்தப் பொண்ணு வெளிய போகக்கூடாது.” ரிலீஸ் என்ற சொல்லுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். முதலாளி சுவரில் முட்டி நின்ற பொண்ணையும், ஓவியர் மனைவியின் விரல் ஈரமாயிருந்ததையும் பார்த்துவிட்டு, “எவ்வளவு நாளாகும்னு சொல்லித் தொலை” என்றார்.

அப்போது மனைவியின் போன் அலறியது. அவள் அண்ணன். வீடியோ கால்.

“ட்ரெய்லரப் பாத்திருப்பான்,” என்றாள். “நான் பேசமாட்டேன். நீ பேசு.” போனை அவர் கையில் திணித்தாள்.

ஓவியருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விரல் மட்டும் ஓடிப் பட்டனைத் தொட்டுவிட்டது. மச்சானின் முகம் திரை நிறைய வந்தது. மூலையில் குட்டியாகத் தன் முகம், தோளில் சால்வை. முடிச்சு, கண்ணாடியில் தெரிகிற மாதிரி, வேண்டாத பக்கம். இந்தக் கோலத்திலா பேசுவது! அங்கே மச்சானுக்கு எந்தப் பக்கம் தெரிகிறதோ!

“ம... மச்சான், இது நெஜமா இடது பக்கம்தான்!”

மச்சான் சிரிக்கவில்லை. முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“யார் கட்டிவிட்டது?”

“உங்க தங்கச்சி.”

“அப்ப சரியாத்தான் இருக்கும்.” ஒரு பெருமூச்சு வந்தது. “சரி, உக்காருங்க மாப்ள. அந்தப் பொண்ணப் பத்தி இப்பச் சொல்லுங்க.”

ஓவியர் உட்கார்ந்தார். முடிச்சை அவிழ்க்கத் தைரியம் வரவில்லை.